கன்னியாகுமரி படகுத்துறைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் வந்து, "கண்ணாடிப் பாலம் இன்னைக்கு அடச்சிருக்கு, வள்ளுவர் சிலைக்குத் தனி போட்டுலதான் போகணும்" என்று சொன்னால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து பேர் தலைக்கு 700 வீதம் 3,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். நான் தக்கலைக்காரி. வெளியூர் ஆட்களைத்தான் ஏமாற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு 72 வயது. சிலை திறந்த 2000-இல் ஒருமுறை போனார். அன்றைக்குக் கடல் நீர்மட்டம் தாழ்ந்து சிலைக்குப் படகு விடவில்லை, விவேகானந்தர் பாறையோடு திரும்பிவிட்டார். வள்ளுவர் காலடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பது அவருக்கு அன்றிலிருந்தே ஆசை. 2024 டிசம்பர் 30-இல் பாலம் திறந்ததும், இனி நீர்மட்டம் தாழ்ந்தாலும் பாறையிலிருந்து நடந்தே சிலைக்குப் போய்விடலாம் என்று அவ்வளவு சந்தோஷப்பட்டார். மதுரையிலிருந்து அத்தையும் இரண்டு பேரன்களும் வந்திருந்ததால் எல்லோருமாகக் கிளம்பினோம்.

சபரிமலை சீசன். எங்கு பார்த்தாலும் கறுப்பு வேட்டி, வரிசைக்கு முடிவே தெரியவில்லை. அப்போதுதான் அந்த ஆள் வந்தார். பேச்சு அப்படியே எங்கள் ஊர்ப் பேச்சு. அம்மாவைப் பார்த்து, "முட்டு வலியோட ஏன் நிக்கீங்க, வி.ஐ.பி. போட் இருக்கு" என்றார். பராமரிப்புக்காக முன்பு ஒரு தடவை பாலத்தை மூடியது ஞாபகம் வந்ததால், இன்றும் அப்படித்தானாக்கும் என்று நம்பிவிட்டேன். ஜிபேயில் அனுப்பினேன். திரையில் வேறு யாரோ பெண் பெயர் வந்தது. கேட்டதற்கு, "வீட்டுக்காரி அக்கவுண்ட்" என்றார். அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

மஞ்சள் நிறச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். நீலப் பேனாவில் "5 பேர், வி.ஐ.பி." என்று எழுதி ஒரு கிறுக்கல் கையெழுத்து. முத்திரை இல்லை, வரிசை எண் இல்லை, தேதிகூட இல்லை. பத்தரைக்கு ஆள் வந்து கூட்டிப்போவார் என்று ஒரு சிப்பிக் கடை ஓரத்தில் நிறுத்தினார். பதினொன்றரை வரை வெயிலில் நின்றோம். போன் முதலில் மணி அடித்தது, பிறகு சுவிட்ச் ஆஃப்.

கவுண்டரில் இருந்தவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்க டிக்கெட் இல்லைம்மா. பாலம் காலையிலேயிருந்து திறந்துதான் கிடக்கு" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். படகு விடுவது பூம்புகார் கப்பல் கழகம், அரசு நிறுவனம். டிக்கெட் அவர்களிடம் மட்டும்தான். வரிசையில் நிற்க முடியாதவர்களுக்குக் கூடுதல் கட்டணத்தில் சிறப்பு டிக்கெட்டும் அவர்களே கொடுக்கிறார்கள், இடையில் ஆள் தேவையே இல்லை. விவேகானந்தர் பாறைக்கு நுழைவுக் கட்டணம் தனி, அதைப் பாறையில் இறங்கிய பிறகு கட்ட வேண்டும். எல்லாம் சேர்த்து கரையிலேயே முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னாலே சந்தேகப்படுங்கள்.

மறுபடி வரிசையில் நிற்க அம்மாவால் முடியவில்லை. காந்தி மண்டபம் பக்கம் போய் உட்கார்ந்தோம். பாலத்தில் ஆட்கள் எறும்பு மாதிரிப் போவதும் வருவதும் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அவன் நம்ம ஊருக்காரனா மக்களே?" என்று மட்டும் கேட்டார். அத்தை முகத்தை என்னால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். பணம் யு.பி.ஐ.யில் போயிருப்பதால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் அழைத்துப் பதிந்தேன். உங்களுக்கு இப்படி நடந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள், தாமதித்தால் பணத்தை முடக்குவது கஷ்டம். மஞ்சள் சீட்டைப் புகாரோடு கொடுத்துவிட்டேன், போட்டோ என்னிடம் இருக்கிறது. இதே சீட்டு உங்களில் யாருக்காவது கிடைத்திருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போய்ப் பேசலாம். சீசன் முடிந்ததும் ஒரு வேலைநாளில், காலை எட்டு மணி முதல் படகுக்கே அம்மாவைக் கூட்டிப்போகிறேன்.