1,800 ரூபாய்க்கு ஒரு ஜெர்மன் மாநில ஆட்சி

பெங்களூர் இந்திராநகரில் ஜெர்மன் மொழி சொல்லிக்கொடுக்கும் ஒரு தனியார் நிலையம் நடத்திய ஒருநாள் பயிலரங்கைப் பற்றிய விமர்சனம் இது. ஜெர்மன் மாநிலங்களில் கூட்டணி ஆட்சி எப்படி அமைகிறது என்பதுதான் பொருள். மதியச் சாப்பாடு, ஒரு கோப்பு எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். ஜெர்மன் தெரிந்திருக்கத் தேவையில்லை. என் மகன் எர்ஃபுர்ட்டில் வேலை பார்க்கிறான். அவனுடைய ஊர்ச் சட்டமன்றத்தைப் பற்றி அவனைவிட எனக்கு அதிகம் தெரிய வேண்டும் என்ற அல்ப ஆசையில் பணம் கட்டினேன். எச்.ஏ.எல்.லில் ஓய்வுபெற்று, அல்சூரில் உட்கார்ந்து செய்தித்தாளைக் கரைத்துக் குடிக்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்க வேறென்ன வேண்டும்?

முதல் ஒரு மணி நேரம் வீண். 16 மாநிலங்களின் கொடிகள், கட்சிகளின் நிறங்கள். கூட்டணிக்கு நாட்டுக் கொடியை வைத்துப் பெயர்: கறுப்பும் மஞ்சளும் பச்சையும் சேர்ந்தால் ஜமைக்கா, மஞ்சளுக்குப் பதில் சிவப்பு வந்தால் கென்யா. ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தால் பேருந்திலேயே படித்துக்கொண்டு வந்திருப்போம்.

அப்புறம் விளையாட்டு ஆரம்பித்தது. பணம் அங்கேதான் வசூலானது. எர்ஃபுர்ட்டைத் தலைநகராகக் கொண்ட துரிங்கியா மாநிலத்தில் 2024 செப்டம்பரில் நடந்த தேர்தல் முடிவைப் பலகையில் எழுதி, ஆட்சி அமையுங்கள் என்று விட்டுவிட்டார்கள். மொத்தம் 88 இடங்கள். ஏ.எஃப்.டி. (தீவிர வலதுசாரி) 32, சி.டி.யூ. (மிதவாத வலதுசாரி) 23, பி.எஸ்.டபிள்யூ. (லிங்கேயிலிருந்து பிரிந்த புதுக் கட்சி) 15, லிங்கே (இடதுசாரி) 12, எஸ்.பி.டி. (சமூக ஜனநாயகக் கட்சி) 6. முதலிடம் பிடித்த ஏ.எஃப்.டி.யோடு யாரும் சேர மாட்டார்கள். சி.டி.யூ.வோ லிங்கேயுடனும் சேர முடியாது. இருவரோடும் கூட்டு கிடையாது என்று 2018-லேயே கட்சி மாநாட்டில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். மிச்சமுள்ள மூன்றையும் கூட்டினால் 44. சரிபாதி. ஒன்று குறைகிறது.

"லிங்கேயிலிருந்து ஒருத்தரைத் தூக்கிட்டா முடிஞ்சுது சார்" என்றான் எங்கள் மேசையில் இருந்த தருமபுரிப் பையன். பாடம் நடத்திய அம்மா கோயம்புத்தூர்க்காரர், ஜெர்மனியின் யேனா நகரில் ஆராய்ச்சி செய்தவர். சிரித்துவிட்டு விளக்கினார். அங்கே கட்சித் தாவல் தடைச் சட்டமே கிடையாது. கட்சி மாறினாலும் உறுப்பினர் பதவி போகாது. 2017-ல் கீழ் சாக்சனியில் எல்கே ட்வெஸ்டன் என்ற பசுமைக் கட்சி உறுப்பினர் சி.டி.யூ.வுக்குத் தாவினார். ஒரே ஒரு இடப் பெரும்பான்மையில் இருந்த ஆட்சி ஆட்டம் கண்டது. அதற்காக எதிர்க்கட்சி ஆட்சியில் ஏறி உட்கார்ந்துவிடவில்லை. தேர்தலை முன்கூட்டியே அக்டோபரில் வைத்தார்கள். சொகுசு விடுதியில் எம்.எல்.ஏ.க்களை அடைத்து வைத்துப் பழகிய ஊரில் உட்கார்ந்து இதைக் கேட்க எங்களுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஆளுநர் யாரை அழைப்பார் என்று நான் கேட்டேன். அப்படி ஒருவரே இல்லையாம். சட்டமன்றமே ரகசிய வாக்கெடுப்பில் முதல்வரைத் தேர்ந்தெடுக்கிறது. 2018 மே மாதம் பெங்களூரில் இருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். 104 இடங்களோடு எடியூரப்பாவை ஆளுநர் அழைத்ததும், வாக்கெடுப்புக்கு முன்பே அவர் விலகியதும் நம் கண்முன் நடந்தவை. ஆளுநர் இல்லாவிட்டால் நாடகமும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2005-ல் ஷ்லேஸ்விக்-ஹோல்ஸ்டைனில் ஹைடே சிமோனிஸ் மீண்டும் முதல்வராக வேண்டிய நாள். அவர் பக்கம் ஒரே ஒரு ஓட்டு அதிகம். நான்கு சுற்று வாக்கெடுப்பு நடத்தினார்கள், நான்கிலும் அந்த ஒரு ஓட்டு விழவில்லை. சொந்த அணியில் யார் காலை வாரியது என்று இன்றுவரை வெளிவரவில்லை. அந்த அம்மாவின் அரசியல் வாழ்க்கை அத்தோடு முடிந்தது. இந்தக் கதைக்கே 500 ரூபாய் கொடுக்கலாம்.

எங்கள் மேசைக்கு பி.எஸ்.டபிள்யூ. வேடம். ஒப்பந்தம் எழுதவிட்ட பிறகுதான் எண்களைக் கூட்டுவது எவ்வளவு சுலபமான வேலை என்று புரிந்தது. 15 இடம் இருக்கிறதே என்று உள்துறையைக் கேட்டோம். தரவில்லை. நிஜத்திலும் அப்படித்தான்: உள்துறை 6 இடம் வைத்திருந்த எஸ்.பி.டி.க்குப் போனது. பி.எஸ்.டபிள்யூ.வின் காட்யா வோல்ஃப் நிதித் துறையோடு துணை முதல்வரானார். சுற்றுச்சூழலும், உள்கட்டமைப்போடு சேர்ந்த டிஜிட்டல் துறையும் அவர் கட்சிக்கே. பேச்சு நீண்டுபோனதற்கு இலாகாவைவிடப் பெரிய காரணம் உக்ரைன் போரும், ஜெர்மனியில் நிறுத்தத் திட்டமிட்ட அமெரிக்க ஏவுகணைகளும். மாநில அரசுக்கும் ஏவுகணைக்கும் என்ன சம்பந்தம் என்று செவிலியர் வேலைக்கு ஜெர்மனி போகவிருக்கும் திருச்சிப் பெண் கேட்டாள். சம்பந்தம் இல்லைதான். ஆனால் பி.எஸ்.டபிள்யூ.வின் அப்போதைய தலைவி வாகன்க்னெஷ்ட் பிடிவாதம் பிடித்தார். கடைசியில் இந்த விஷயத்தில் தங்கள் பார்வைகள் வேறு வேறு என்பதையே ஒப்பந்தத்தின் முகவுரையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். டிசம்பர் 12 அன்று மரியோ ஃபோய்க்ட் முதல் சுற்றிலேயே 51 ஓட்டு வாங்கினார். 44 எப்படி 51 ஆனது? ரகசிய வாக்கு, யூகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது வாக்களிக்காமல் இருக்கும் நிபந்தனை. ஜெர்மன் மாநிலங்களவையில் (பன்டெஸ்ராட்) ஒவ்வொரு மாநில அரசுக்கும் 3 முதல் 6 ஓட்டு. அதைப் பிரித்துப் போடக் கூடாது. கூட்டாளிகளுக்குள் ஒத்துவரவில்லை என்றால் மாநிலம் வாக்களிக்காது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது அங்கே வழக்கம். 2002-ல் பிராண்டன்பர்க் என்ன செய்தது தெரியுமா? குடியேற்றச் சட்டத்துக்கு ஓர் அமைச்சர் சரி என்றார், இன்னொருவர் வேண்டாம் என்றார். முதல்வர் ஷ்டோல்பேயின் சம்மதத்தை வைத்து ஆதரவு ஓட்டாகவே அவைத் தலைவர் எண்ணினார். அந்த ஆண்டு முடிவதற்குள் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றுவிட்டது.

குறைகளுக்கு வருகிறேன். கோப்பு 2020-ஓடு நின்றுவிட்டது. துரிங்கியாவில் 5 இடம் வைத்திருந்த எஃப்.டி.பி. என்ற தாராளவாதக் கட்சியின் கெம்மரிக் ஏ.எஃப்.டி. ஓட்டோடு முதல்வராகி, மறுநாளே விலகுவதாக அறிவித்த கதை விரிவாக இருக்கிறது. பாடமாக நடத்திய 2024 பற்றி ஒரு வரி இல்லை. எல்லாவற்றையும் அந்த அம்மா வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் கரகரக்கும் மைக்கில். சாப்பாடு ஆறிப்போன புலாவ். தயிர் இரண்டாவது பந்திக்கு இல்லை. கர்நாடகாவின் கூட்டாளி மாநிலமான பவேரியாவுக்குக் கடைசி இருபது நிமிடம்தான் ஒதுக்கினார்கள். 2023-ல் சுற்றுலாத் துறையை அங்கே பெரிய கட்சியான சி.எஸ்.யூ.வுக்குக் கொடுத்துவிட்டு, வேட்டையையும் அரசுக் காடுகளையும் கூட்டாளிக் கட்சித் தலைவர் ஐவாங்கர் வாங்கிக்கொண்ட பேரத்தைத் தொட்டார்கள், மணி அடித்துவிட்டது.

ஜெர்மன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களும் அங்கே குடிபோகிறவர்களும் தாராளமாகப் போகலாம். மொழிப் பயிற்சி கிடைக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். வண்டி நிறுத்த இடமில்லை, மெட்ரோதான் நல்லது. அடுத்து பவேரியாவை முழுநாளாக நடத்தப் போகிறார்களாம், கட்டணம் 2,200. கோப்பைப் புதுப்பித்தால் வருகிறேன் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.