பீரியட்ஸ் ஆப்பை நம்பி மைக்ரேனுக்கு மாத்திரை போடலாமா?

தீட்டை ஒட்டி வரும் மைக்ரேனைத் தடுக்க, இரண்டு நாள் முன்பே மாத்திரையைத் தொடங்குவார்கள்; அந்த நாளை ஆப் சரியாகச் சொல்லுமா? ஆப்பின் ஆண்டுச் சந்தா பாதியாகக் குறையும்போதெல்லாம் இந்தக் கேள்வி மறுபடி வருகிறது. தேதி குறித்துவைக்க அருமையான ஆப். எச்சரிக்கை மணியைத்தான் நம்ப முடியாது.

அதற்குத் தெரிந்ததெல்லாம் சராசரி. கடைசி மூன்று சுழற்சி 26, 31, 27 நாள் என்றால் 28 என்று வைத்துக்கொண்டு, இரண்டு நாள் முன்னதாக, 27ஆம் நாள் மணி அடிக்கும். 26 நாள் சுழற்சியில் அன்றைக்கே தீட்டு வந்துவிடும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அதற்கு முன்பே சரிந்து மண்டை இடித்துக்கொண்டிருக்கும். 31 நாள் சுழற்சியிலோ, ஆறு நாளுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த நாப்ராக்சன் என்ற வலி மாத்திரை தீட்டு வந்த அன்றே தீர்ந்துபோகும். இதைவிட எரிச்சல், தப்பிய கணிப்பைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு வந்த தேதியை மட்டும் காட்டுவது. எத்தனை நாள் பிசகியது என்று பார்க்கவே வழியில்லை. சில ஆப்கள் லேசாகக் கறை பட்டதைப் பதிந்தாலும் அதையே முதல் நாளாக்கிவிடும்.

உண்மையில் கைகொடுப்பது மெடிக்கலில் விற்கும் எல்எச் ஸ்ட்ரிப்; கருமுட்டை வெளிவருவதற்குச் சற்று முன் எகிறும் எல்எச் ஹார்மோனைச் சிறுநீரில் காட்டும் பட்டை. சுழற்சி நீள்வதும் குறுகுவதும் பெரும்பாலும் கருமுட்டை வெளிவருவதற்கு முந்தைய பாதியில்தான். பிந்தைய பாதி அவ்வளவாக மாறாது. சுழற்சியின் 10ஆம் நாளிலிருந்து தினமும் ஒரே நேரத்தில் சோதியுங்கள். அதற்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீர் அதிகம் குடிக்க வேண்டாம், கோடு வெளிறிவிடும். சோதனைக் கோடு பக்கத்துக் கோட்டளவு கருத்த நாளிலிருந்து தீட்டு வரை எத்தனை நாள் என்று மூன்று மாதம் எண்ணுங்கள். 15 என்று நின்றால், கோடு கருத்து 13 நாள் ஆனதும் மாத்திரையைத் தொடங்கலாம். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தால் கோடு நாள்கணக்கில் கருத்தே கிடக்கலாம். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு ஸ்ட்ரிப் வீண். அல்சர், கிட்னிப் பிரச்சினை, குழந்தைக்கு முயற்சி என்றால் நாப்ராக்சனுக்கு முன் டாக்டரைக் கேளுங்கள்.

வலியைக் குறிக்க சுவரில் தொங்கும் மாதக் காலண்டரே மேல். தீட்டுக்கு இரண்டு நாள் முன்னிருந்து மூன்றாம் நாள் வரையான இடைவெளியில், மூன்று சுழற்சியில் இரண்டிலாவது தலைவலி விழுந்தால்தான் அது மாதவிடாய் மைக்ரேன். போட்ட மாத்திரையையும் அதே கட்டத்தில் எழுதுங்கள். மாதத்தில் 10 நாளுக்குக் குறையாமல் டிரிப்டான் வகை மைக்ரேன் மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

சந்தா கட்ட வேண்டாம். இவ்வளவு திட்டிய பிறகும் இலவச ஆப்பை அழிக்கச் சொல்ல மனமில்லை; “கடைசியா எப்பம்மா தலைக்கு குளிச்சீங்க?” என்று டாக்டர் கேட்கும்போது காலண்டர் வீட்டுச் சுவரில்தானே இருக்கும்.