பழைய 12-போல்ட் ஆக்சிலுக்குப் பின்சக்கர டிஸ்க் பிரேக்: எல்டொராடோ காலிப்பரா, கமேரோ காலிப்பரா?

12-போல்ட் பின் ஆக்சிலோடு (மூடியில் 12 போல்ட் உள்ளது) வந்த 1967–69 செவ்ரோலெ கமேரோ, 1968–72 செவெல் கார்களுக்குப் பின்னால் கம்பெனி கொடுத்தது டிரம் பிரேக். 1969 கமேரோவில் மட்டும் ஜேஎல்8 என்ற குறியீட்டில் நாலு சக்கர டிஸ்க் கிடைத்தது. அதை வாங்கியவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர்தான் என்பதால், அந்த ஒரிஜினல் சாமானை இப்போது தேடிப் போவதில் அர்த்தமில்லை. நடைமுறையில் இருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, 1979–85 கேடிலாக் எல்டொராடோவின் பின்சக்கரக் காலிப்பரோடு (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) 11 அங்குல டிஸ்க்கையும் சேர்த்து விற்கும் கிட். மற்றது, 1998–2002 கமேரோவின் 12 அங்குல டிஸ்க் செட்டை அடாப்டர் பிராக்கெட் வைத்து ஏற்றுவது. நான் பூட்டியிருப்பது இரண்டாவது. இனி வருவதை அந்தச் சாய்வோடுதான் படிக்க வேண்டும்.

நிற்கும் திறனில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பகுதி வேலையை முன் பிரேக்தான் செய்கிறது. டிரம்மை மாற்றுவதால் வரும் லாபம், மழையில் நனைந்தபின் சீக்கிரம் பிடிப்பதும் பேட் மாற்றுவது சுலபமாவதும்தான். இரண்டு செட்டும் நழுவும் வகைக் காலிப்பர்கள். 12-போல்ட் ஆக்சிலை உள்முனையில் சி-கிளிப் (சி வடிவ வளையம்) தான் பிடித்திருக்கிறது, அதனால் ஆக்சிலுக்குக் கொஞ்சம் உள்-வெளி ஆட்டம் இருக்கும். அதை இந்த வகை பொறுத்துக்கொள்ளும்.

ஆகவே முடிவு செய்வது ஹேண்ட் பிரேக். எல்டொராடோ காலிப்பரில் அது பிஸ்டனுக்குள்ளேயே இருக்கிறது: லீவர் திரும்பினால் உள்ளே ஒரு ஸ்க்ரூ சுழன்று பிஸ்டனைத் தள்ளும். சிக்கல் என்னவென்றால், பேட் தேய்வதால் விழும் இடைவெளியை ஈடுகட்டுவதும் அதே ஸ்க்ரூதான், அதுவும் லீவர் போய்வரும்போதுதான். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்காரர்கள் பார்க்கில் போட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள், ஹேண்ட் பிரேக்கைத் தொடவே மாட்டார்கள். மாதங்கள் போக, பெடல் கீழே கீழே இறங்கும். பிரேக் லைனில் ஏர் இருக்கிறதென்று திரும்பத் திரும்ப ஏர் எடுப்பார்கள், மாஸ்டர் சிலிண்டரையே மாற்றுவார்கள், பெடல் மட்டும் ஏறாது. பூட்டும்போதும் இதே கதைதான். கேபிளையும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு, பேட் டிஸ்க்கைத் தொட்டும் தொடாமலும் வரும்வரை லீவரை முன்னும் பின்னும் ஆட்டி, அதற்குப் பிறகுதான் ஏர் எடுக்க வேண்டும். ஏர் எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பார்க்கவும். இடது வலது மாறிவிட்டால் ஏர் வெளியே வரவே வராது. வண்டி சும்மா நின்றால் லீவர் தண்டு துருவேறி இறுகும், ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும்.

கமேரோ செட்டில் ஓட்டப் பிரேக்கும் ஹேண்ட் பிரேக்கும் தனித்தனி. காலிப்பர் வெறும் காலிப்பர். பிஸ்டனை சி-கிளாம்ப் வைத்து அழுத்தினால் உள்ளே போய்விடும். ஹேண்ட் பிரேக்குக்கு டிஸ்க்கின் தொப்பிக்குள் (தொப்பி போன்ற நடுப்பகுதி) சின்ன டிரம்மும் அதில் ஒரே துண்டாக வளைந்த ஷூவும் இருக்கின்றன. நின்ற வண்டியைப் பிடிப்பது மட்டுமே அதன் வேலை என்பதால், இழுத்தபடியே ஓட்டினால் தவிர லைனிங் தேயாது. டிஸ்க்கை மாட்டும்போது லேசாக உரசும் அளவுக்கு ஷூவை அட்ஜஸ்ட் செய்தால் போதும். ஆக்சில் சீல் கசிந்தால் எண்ணெய் நேராக இந்த ஷூவுக்குத்தான் போகும். டிரம் பேக்கிங் பிளேட்டைக் கழற்ற ஆக்சிலை எப்படியும் உருவத்தான் வேண்டும். அப்போதே பேரிங்கையும் சீலையும் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது.

உருவும்போது டிஃபரன்ஷியல் பின்னை (சின்னக் கியர்களைத் தாங்கும் குறுக்குத் தண்டு) பிடித்திருக்கும் லாக் போல்ட்டில் கவனம் வேண்டும். பழையது முறுக்கும்போதே ஒடியும், புதியது ஒன்று கையில் இருக்கட்டும். அந்தத் தண்டு வெளியே வந்தபின் ஆக்சிலைச் சுற்றக் கூடாது, சுற்றினால் சின்னக் கியர்கள் உருண்டு விழும். மூடும்போது 80W-90 எண்ணெய், பாசிட்ராக்‌ஷன் (இரு சக்கரத்துக்கும் விசையைப் பகிரும் டிஃபரன்ஷியல்) என்றால் கூடவே அதற்கான அடிட்டிவ்.

கமேரோ செட்டின் பாதகத்தையும் சொல்ல வேண்டும். 12 அங்குல டிஸ்க்குக்கு 16 அங்குல வீலாவது வேண்டும். பழைய 15 அங்குல ராலி வீலை விட மனமில்லாதவருக்கு எல்டொராடோதான் கதி. அவர் இறங்கும்போதெல்லாம் ஹேண்ட் பிரேக் இழுக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ள வேண்டும். பழைய ஆக்சிலின் முகம் (வீல் பூட்டும் வட்டத் தட்டு) புதுத் தொப்பிக்குள் உட்காருமா என்று வாங்குமுன் அளக்கவும். பெரிதாக இருந்தால் லேத்தில் கடைய வேண்டும். கமேரோ கேபிளின் முனையும் நீளமும் பழைய வண்டியோடு ஒத்துப்போகாது, இணைப்புத் துண்டு தேவைப்படும். ரேஸ் டிராக்கில் இதை நான் சூடேற்றிப் பார்த்ததில்லை. சொல்வதெல்லாம் தெரு ஓட்டத்துக்கு.

எதைப் பூட்டினாலும் டிரம் காலத்து மாஸ்டர் சிலிண்டரில் பின் பிரேக்குக்குப் போகும் துவாரத்தில், பித்தளை சீட்டுக்குப் பின்னால், சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேட் எப்போதும் உரசி டிஸ்க் கொதிக்கும். பின் லைனில் அட்ஜஸ்டபிள் புரப்போர்ஷனிங் வால்வு (பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைப்பது) போடும்போது, பழைய வால்வின் பின் பகுதி வேலை செய்யாதபடி ஆக்க வேண்டும். பின் அழுத்தத்தைக் குறைவாக வைத்துத் தொடங்கி, ஆளில்லாத நேர்ச்சாலையில் மெதுவான வேகத்திலிருந்து ஓங்கி மிதித்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவும். பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முந்திப் பூட்டினால் வண்டி வாலைச் சுழற்றும். அந்த இடத்திலிருந்து ஒரு சுற்றுக் குறைத்து, திரும்பவும் சோதிக்கவும்.