சாய்ந்து நிற்கும் இகா பூச்சாடி: ஆறு ஆண்டுப் பயன்பாடு

ஜப்பானின் மியே மாநிலத்து இகா நகரில், சூளையை ஒட்டிய கடை ஒன்றில் இந்தப் பூச்சாடியை வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உயரம் 26 சென்டிமீட்டர். இடை ஒரு பக்கம் உள்வாங்கியிருக்க, வாய் வலப்புறம் சரிந்திருக்கும். கழுத்தின் இருபுறமும் உள்ள காதுகள்கூட ஒரே உயரத்தில் இல்லை. ‘இகாவுக்குக் காது உண்டு, ஷிகராக்கிக்குக் காது இல்லை’ என்று ஜப்பானில் வழங்கும் சொல், அண்டை ஊர்களான இவ்விரண்டின் கலங்களைப் பிரித்தறிய உதவுவது.

இந்தக் கோணல் கைத்தவறன்று. சக்கரத்தில் உருண்டையாக வனைந்த கலத்தை, மண் ஈரமாக இருக்கும்போதே அழுத்தியும் மரத்தகட்டால் கீறியும் வேண்டுமென்றே குலைப்பது, ஃபுருதா ஒரிபே (1544–1615) போன்ற தேநீர்க் கலை ஆசான்களின் காலத்தில் வேரூன்றிய ரசனை.

இதற்கு மெருகுப்பூச்சு பூசப்படவில்லை. சூளையில் எரியும் விறகின் சாம்பல் கலத்தின்மேல் படிந்து, கடும் வெப்பத்தில் உருகிப் பச்சைக் கண்ணாடியாக வழிகிறது. அதை ‘பீதோரோ’ என்கிறார்கள். என் சாடியில் அப்படி வழிந்த ஒரு துளி, அடிவிளிம்புக்கு விரற்கடை மேலே உறைந்து நின்றுவிட்டது. பூ வைக்குமுன் சாடி முழுவதையும் நீரில் நனைத்தெடுத்தால், உலர்ந்த நிலையில் மங்கலாகத் தெரியும் அந்தத் துளி ஒளிர்கிறது; கருகிய பின்புறமும் செம்மை காட்டுகிறது. காலையில் அதைக் காண்பதற்காகவே நான் சற்று முன்னதாக எழுவதுண்டு.

குறை ஒன்றும் உண்டு. முதல் மாதத்திலேயே நீர் கசிந்து மர அலமாரியில் வட்டக்கறை விழுந்தது. அரிசி களைந்த நீரை இரண்டு நாள் நிரப்பி வைத்த பிறகு கசிவு பெரிதும் குறைந்தது. ஆயினும் இன்றுவரை அடியில் ஒரு பலகை இல்லாமல் வைப்பதில்லை. பூவை எடுத்ததும் கழுவி, உட்புறம் முற்றிலும் உலரும்வரை நிழலில் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒருமுறை அவசரத்தில் பெட்டிக்குள் வைத்துவிட்டதால் பூஞ்சை வாடை போக ஒரு வாரம் ஆயிற்று.

தொடக்கத்தில் கைநிறையப் பூக்களைச் செருகிப் பார்த்தேன். சாடி மறைந்தே போனது. இப்போது குளிர்காலத்தில் மொட்டவிழாத ஒரு கமேலியா, கோடையில் நம் செம்பருத்தியின் உறவான முகுகே, அவ்வளவுதான். வாய் வலப்புறம் சரிவதால் காம்பு தானாகவே அப்பக்கம் சாய்கிறது. இலையொன்றை மட்டும் இடப்புறக் காதின்மேல் படியவிட்டால் போதும். முகுகே ஒரே நாளில் வாடிவிடும் என்பதால், கோடைக் காலைகளில் சாடியை நனைப்பது எனக்கு அன்றாட வேலையாகிவிட்டது.