மாட்யூல் போய்விட்டது என்றார்கள், போனது ஒரு கிளிப்

காரில் மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு எரிகிறதா? ஓங்கி பிரேக் மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்புதான் ஏபிஎஸ். யாரிடமும் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்து ஏமாந்த பிறகுதான் எழுதுகிறேன்.

முன் இடது சக்கரத்தில் பேரிங் போய் ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டிருந்தது. வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பிலேயே பேரிங் மாற்றினேன். சத்தம் சுத்தமாக நின்றது. மூன்றாம் நாள் ஒரு வளைவில் திரும்பும்போது ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. வண்டியை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் காணோம். மறுநாள் திரும்பவும் வந்தது. அடுத்த வாரமும் அப்படியே வந்து வந்து போனது.

அதே இடத்துக்குப் போனேன். வண்டியில் பதிவான பழுதைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினார்கள். திரையில் சி 0035 என்ற பழுது எண்ணை நான் பார்த்தது அரை நிமிடம் இருக்கும், அதற்குள் பிடுங்கிவிட்டார்கள்.

"ஏபிஎஸ் மாட்யூல் அடிச்சிடுச்சு சார்." ஏபிஎஸ்ஸை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

"பேரிங் மாத்தின மூணாம் நாள்தானே வந்துச்சு? அதுக்கும் இதுக்கும் ஏதாவது...?"

"சம்பந்தமே இல்ல சார். வண்டிக்கு வயசாச்சு. இப்படியே ஓட்டினீங்கன்னா பிரேக் பிடிக்காது. குடும்பத்தோட போறீங்க, பாத்துக்கோங்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைச் சாய்த்தது. அது பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வழக்கம்போலப் பிடிக்கும். ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கலாம், அந்த நேரத்தில் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. போகும் பாதுகாப்பு அதுதான். மழையில், மண் சாலையில் அது பெரிய விஷயம்தான், நிதானமாக ஓட்ட வேண்டும். ஆனால் பிரேக்கே பிடிக்காது என்பது பயமுறுத்தல். இதுவே சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கதை வேறு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக் விசையைப் பங்கிடும் வேலையும் நின்றிருக்கலாம், பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். ஹேண்ட் பிரேக் முழுவதும் இறங்கியிருக்கிறதா, ஆயில் அளவு சரியா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து சிவப்பு அணையவில்லை என்றால் ஓட்டாதீர்கள், இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

சரி, பணம் கட்டினேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு வண்டியைக் கொடுத்தார்கள். விளக்கு அணைந்திருந்தது. நான்காம் நாள், அதே மாதிரி ஒரு திருப்பத்தில், பளிச்சென்று எரிந்தது.

திரும்பப் போனபோது கதை மாறியிருந்தது. "மாட்யூல் புதுசு சார், அதுல ஒண்ணும் இல்ல. இப்போ ஒயரிங்தான். மொத்த ஒயரிங்கையும் மாத்தணும்." நான் பேசாமல் நின்றேன். உடனே, "இல்லன்னா அந்த லைட்டை மட்டும் கட் பண்ணி விட்டுடலாம் சார், டென்ஷனே இருக்காது" என்றார் அவர். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பழைய கார் வாங்குகிறவர்கள் அந்தக் கடைசி யோசனையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இது நடக்கிற வேலை. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு ஓரிரு விநாடி எரிந்து தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பழுது இல்லை என்று அர்த்தமில்லை, பல்ப் போயிருக்கலாம் அல்லது விளக்கைக் கொன்றிருக்கலாம். இன்னும் கைதேர்ந்தவர்கள் அதை என்ஜின் ஆயில் விளக்கின் ஒயரோடு சேர்த்துவிடுவார்கள், இரண்டும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி வைத்துப் பாருங்கள். ஆயில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஏபிஎஸ் விளக்கு அதற்குள் தனியாக அணைந்திருக்க வேண்டும்.

வீட்டில் பானட்டைத் திறந்து முதலில் மாட்யூலைப் பார்த்தேன். என் வண்டியில் அது ஒரு அலுமினியக் கட்டி, அதில் ஆறு பிரேக் குழாய்கள் வந்து சேரும், பக்கத்தில் ஒட்டினாற்போல ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி. குழாய்களின் நட்டுகள் மேல் தூசியும் எண்ணெயும் வருடக்கணக்கில் இறுகிய கறுப்புப் படலம் இருந்தது. நகத்தால் சுரண்டினேன், பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. நான்கு நாளுக்கு முன்னால் ஸ்பேனர் பட்ட நட்டு இப்படி இருக்காது. குழாயைக் கழற்றினால் பிரேக் ஆயில் ஒழுகும், காற்று போகும், புது ஆயில் ஊற்றி காற்றை வெளியேற்றித்தான் வண்டியைத் தர முடியும். என் டப்பாவில் இருந்தது அதே பழைய, கறுத்துப்போன ஆயில்.

சிலர் குழாய்களைத் தொடாமல் அந்தக் கறுப்புப் பெட்டியை மட்டும் மாற்றுவதுண்டு, அதனால் அதோடு முடிவுக்கு வரவில்லை. போன வருடம் பேட்டரி மாற்றியபோது எடுத்த போட்டோ ஒன்று போனில் கிடந்தது. அதில் பெட்டியின் ஸ்டிக்கர் தெரிந்தது. பெரிதாக்கி எண்ணைப் படித்தேன், பிறகு டார்ச் அடித்து வண்டியில் இருப்பதைப் படித்தேன். ஒரே எண். ஸ்டிக்கரின் மூலையில் இருந்த கிழிசல்கூட அதேதான்.

அவர்கள் செய்தது ஒன்றே ஒன்று. ஸ்கேனரில் அந்தப் பழுது எண்ணை, அதாவது கோடை (code), அழித்திருக்கிறார்கள். கோடை அழித்தால் விளக்கு அணையும், பழுது திரும்பக் கண்ணில் படும்வரை அணைந்தே இருக்கும். என் பழுது எப்போதாவது வந்து போகிற ரகம் என்பதால் நாலு நாள் தாங்கியது. இதனால்தான் சொல்கிறேன், யார் ஸ்கேனரைச் செருகினாலும் அழிப்பதற்கு முன்னால் திரையை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

சி 0035 என்றால் முன் இடது சக்கர வேக சென்சாரின் சர்க்யூட். முன் வலது 0040, பின் இடது 0045, பின் வலது 0050. சில கம்பெனிகள் தங்கள் சொந்த எண்களையும் வைத்திருக்கும். இடது, வலது என்பது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும் கணக்கு. வண்டிக்கு எதிரே நின்றுகொண்டு தப்பான பக்கத்து சென்சாரைக் கழற்றிய ஆட்களை எனக்குத் தெரியும். இதில் சர்க்யூட் என்ற சொல்தான் முக்கியம். சென்சார், அதன் ஒயர், பிளக், கடைசியில் மாட்யூல், எல்லாம் சேர்ந்ததுதான் அது. கோடு இடத்தைத்தான் காட்டுகிறது, கெட்டுப்போன சாமானை அல்ல. வரிசையில் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியதை இவர்கள் முதலில் சொன்னார்கள், ஏனென்றால் விலை அதிகமானது அதுதான்.

நியாயத்துக்குச் சொல்கிறேன், மாட்யூல் போவதே இல்லை என்று கிடையாது. பம்ப் மோட்டார் சம்பந்தமான கோடு வந்தாலோ, ஸ்கேனரால் மாட்யூலோடு பேசவே முடியவில்லை என்றாலோ அதைச் சந்தேகப்படலாம். அப்போதும் முதலில் ஃபியூஸ். ஏபிஎஸ்ஸுக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் ஃபியூஸ் இருக்கும், மோட்டாருக்குத் தனி, வால்வுகளுக்குத் தனி. அப்புறம் பேட்டரி. வோல்ட் இறங்கினால் ஏபிஎஸ் சீக்கிரம் முறைத்துக்கொள்ளும். என்ஜின் அணைந்து வண்டி நிற்கும்போது 12.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் கவலையில்லை. எனக்கு ஃபியூஸ், பேட்டரி இரண்டும் சரியாக இருந்தன.

நண்பர் ஒருவரிடம் ஸ்கேனர் கடன் வாங்கினேன். என்னிடம் இருந்த சின்ன புளூடூத் கருவி என்ஜின் கோடுகளை மட்டும்தான் படித்தது, ஏபிஎஸ் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வாங்குகிறவர்கள் ஏபிஎஸ் படிக்குமா என்று கேட்டு வாங்குங்கள். லைவ் டேட்டாவில் நான்கு சக்கரத்தின் வேகமும் தனித்தனியாக ஓடும். காலி மைதானத்தில் மனைவி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். நேராகப் போகும்போது நான்கும் 20, 20, 20, 20. திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரங்கள் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அது இயல்பு. ஆனால் ஸ்டியரிங்கை வலது பக்கம் நன்றாக ஒடித்ததும் முன் இடது மட்டும் 0 என்று விழுந்தது. நேராக்கினால் திரும்ப 20. "மறுபடி ஒடி" என்றேன். மறுபடி 0. மாட்யூலுக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று என்ன கவலை? திருப்பும்போது அசைவது ஒயர்.

பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்துச் சக்கரத்தைக் கழற்றினேன். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே தலையை விடாதீர்கள். வலது பக்கத்தையும் கழற்றி ஒப்பிட்டதுதான் நான் செய்த புத்திசாலித்தனமான ஒரே வேலை. வலது பக்கம் சென்சார் ஒயர் சஸ்பென்ஷன் குழலை ஒட்டி மேலே ஏறுகிறது, இரண்டு இடத்தில் ரப்பர் பிடிப்போடு கிளிப்பில் உட்கார்ந்திருக்கிறது. இடது பக்கம் கீழ் கிளிப் சரி. மேல் கிளிப் காலி. ரப்பர் பிடிப்பு அந்தரத்தில் தொங்க, ஒயர் தொய்ந்து டயரின் உட்பக்கச் சுவரில் உரசிக்கொண்டிருந்திருக்கிறது. உரசிய இடத்தில் மேலுறை சீவினாற்போல மழமழவென்று பளபளத்தது. நடுவில் ஒரு நெல்மணி நீளத்துக்குச் செம்பு தெரிந்தது, அதிலும் பச்சை பூக்க ஆரம்பித்திருந்தது.

பேரிங் மாற்றும்போது அந்த ஒயரை ஒதுக்கித்தான் ஆக வேண்டும். ஒதுக்கியவர் திரும்ப மாட்டவில்லை. அவ்வளவுதான்.

உறுதிப்படுத்த மல்டிமீட்டர் எடுத்தேன். பிளக்கைக் கழற்றி, சென்சார் பக்கத்து இரண்டு முனைகளிலும் ஓம், அதாவது மின்தடை, பார்த்தேன். வலது 1180. இடது 1150. இங்கேயே நிறுத்தியிருந்தால் சென்சார் நல்லாத்தான் இருக்கு என்று ஏமாந்திருப்பேன். மீட்டரை வைத்தபடியே ஒயரை லேசாக இழுத்தேன், அளவு மறைந்து திறந்த சுற்று, அதாவது இணைப்பு அறுந்திருக்கிறது, என்று காட்டியது. விட்டால் 1150. ஒயரை அசைக்காமல் எடுக்கிற அளவை நம்பாதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. என் வண்டி பழையது, அதில் இருப்பது காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பழைய ரக சென்சார், அதற்குத்தான் இந்த ஓம் கணக்கு. ஆயிரத்தை ஒட்டியோ இரண்டாயிரத்தை ஒட்டியோ வண்டிக்கு வண்டி மாறும். பிளக் கழற்றிய நிலையில் சக்கரத்தைக் கையால் சுற்றினால் அதுவே சின்ன ஏசி வோல்ட் கொடுக்கும். புதிய வண்டிகளில் மாட்யூலிலிருந்து மின்சாரம் வாங்கி வேலை செய்யும் ஆக்டிவ் சென்சார் இருக்கும். அதில் ஓம் பார்ப்பதில் அர்த்தம் இல்லை, சென்சார் கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. அதற்கு லைவ் டேட்டாதான் வழி. அந்த வண்டிகள் பலவற்றில் பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே காந்த வளையம் இருக்கும். பேரிங்கைத் திருப்பி மாட்டினால் சென்சாருக்கு எதுவும் தெரியாது, விளக்கு அன்றைக்கே வரும். ஆக பேரிங் வேலைக்குப் பிறகு ஏபிஎஸ் விளக்கு வந்தால், சம்பந்தமே இல்லை என்று சொல்கிறவரிடம் சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

ஒயரை ஒட்டுப்போட்டுப் பார்க்கத் தோன்றியது. ஆனால் ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் மடங்குகிற இடம், ஒட்டு நிற்காது. ஒயரோடு சேர்ந்த புது சென்சார் ஒன்று வாங்கினேன். மாட்டும் துளைக்குள் துரு ஏறியிருந்தது. அதைச் சுரண்டாமல் மாட்டினால் சென்சார் தூக்கி உட்காரும், இடைவெளி கூடும், திரும்ப விளக்குதான். சுத்தம் செய்து, மாட்டி, இரண்டு கிளிப்பையும் அழுத்தி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி ஒயர் எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்துவிட்டுக் கோடை அழித்தேன். ஐந்து மாதமாகிறது, விளக்கு வரவில்லை.

கழற்றிய பழைய ஒயரையும், ஸ்டிக்கரின் பழைய போட்டோ, இப்போது எடுத்த போட்டோ இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். உரிமையாளர் கோபப்படவில்லை.

"பழைய மாட்யூல் எங்க சார்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கழிவுல போட்டாச்சு சார்."

"வண்டியிலதானே இருக்கு?"

போட்டோக்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். "பசங்க ஏதோ தப்பு பண்ணிட்டாங்க" என்றார். மாட்யூலுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கூலியைக் கொடுக்கவில்லை, ஸ்கேன் பண்ணியதற்காம். பில்லில் இருந்தது "ஏபிஎஸ் வேலை" என்ற ஒற்றை வரி. சாமான் பெயரோ எண்ணோ போட்டு நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அந்த ஸ்டிக்கர் போட்டோ மட்டும் இல்லாமல் போயிருந்தால் இந்தப் பணமும் வந்திருக்காது.

வெளியே வந்து காரில் ஏறும்போது, பேரிங் மாற்றிய பையன் கை துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றான்.

"சார், கிளிப் மேல உள்ளதா, கீழ உள்ளதா?"

"மேல உள்ளது தம்பி."

போனில் இருந்த படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.