சேலம் ஜவுளிக்கடைகளுக்கான சமவாய்ப்புப் பயிற்சி: காசு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். பெண்கள், மாற்றுத்திறனாளிகள் என எல்லா ஊழியரையும் கடையில் சமமாக நடத்தச் சொல்லித்தரும் பயிற்சி இது. பயிற்சி தருபவர் சின்னக்கடை வீதியில் பல வருஷம் சேல்ஸ் கவுன்ட்டரில் நின்றே வேலை பார்த்து, பிறகு ஆலோசகரானவர். அந்த அனுபவம் வகுப்பில் தெரிகிறது. ஊழியர் உட்கார இருக்கை வேண்டும் என்ற 2021 தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தத்தை வாசிப்பதோடு விடுவதில்லை. ஸ்டூல் போட்டால் ரேக்கில் துணி எடுக்க வழி இருக்கிறதா என்று டேப் வைத்து அளக்கிறார். வழி மறித்தால் ஸ்டூல் குடோனுக்குப் போய்விடும், பெண்கள் பழையபடி நிற்பார்கள்.

பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் குழு பற்றியதுதான் பயிற்சியில் பலமான பகுதி. 10 பேர் வேலை செய்தாலே குழு கட்டாயம். மூத்த பெண் ஊழியர் தலைவர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். முதலாளி வீட்டம்மாவைத் தலைவராகப் போட்டால் யார் புகார் கொடுப்பார்கள்? இதை முதலாளி முகத்துக்கு நேரே கேட்கிறார். மாற்றுத்திறனாளிகள் பகுதி மட்டும் ரொம்பச் சுருக்கம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயத்தில் தேதி வாங்காதீர்கள், கடை ஆட்கள் யாரும் வர முடியாது.