கியர்பாக்ஸ் போச்சு என்று ₹72,000 பறித்தார்கள்: பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

₹72,000. நேற்று மாலை உண்மை தெரிந்ததிலிருந்து இந்தத் தொகைதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்து, உள்ளே கிளட்ச் தட்டு முதல் சீல் வரை மாற்றிவிட்டோம் என்று சொல்லி வாங்கிய பணம். அந்த கியர்பாக்ஸை அவர்கள் வண்டியிலிருந்து இறக்கவே இல்லை.

புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. எந்த மாதிரி ஆட்கள் என்று மட்டும் சொல்கிறேன். வீட்டு வாசலுக்கு வந்து வண்டியை எடுத்துப்போய், வேலை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடும் ஒரு ஆப். அந்த ஆப் அனுப்பிவைத்த, 'ஆட்டோமேட்டிக் ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு மாட்டிய, சென்னைப் புறநகர் வொர்க்‌ஷாப் ஒன்று. ஆட்டோமேட்டிக் வண்டி மக்கர் செய்தால் என்னென்ன சோதனை செய்யச் சொல்ல வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

வண்டி 2011 ஹோண்டா சிட்டி. ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், ஸ்டியரிங்கில் கியர் மாற்றும் பேடில் இருக்கும் மாடல். 2014-ல் வந்த சிட்டியில் சிவிடி, அதாவது தனித்தனி கியர் இல்லாத ஆட்டோமேட்டிக், போட்டுவிட்டார்கள். இது அதற்கு முந்தைய, தனித்தனி கியர் உள்ள டார்க் கன்வெர்ட்டர் வகை (என்ஜின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்தான் கன்வெர்ட்டர்). அப்பாவுக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனபின் கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் இதை வாங்கினோம். இத்தனை வருடமாக எங்களைக் கைவிடாத வண்டி. அதன்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் பிரச்சினை வந்தது. இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குப் போகும்போது பின்னால் யாரோ வந்து மோதியது போல ஒரு உதை. மீட்டரில் 'டி' (டிரைவ்) என்ற எழுத்து விட்டு விட்டு எரியும். ஹோண்டாவில் அந்த டி மினுக்கினால், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ கோளாறைப் பதிவு செய்திருக்கிறது என்று அர்த்தம். வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சிறிது நேரம் சரியாக ஓடும். பிறகு மறுபடி உதைக்கும்.

ஆப்பில் பதிவு செய்தோம். அந்த வொர்க்‌ஷாப் ஓனரே வந்தார். இந்த இடத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வந்ததும் வண்டியிடம் போகவில்லை, அப்பாவிடம் போனார். "முழங்கால் எப்படி இருக்குப்பா, படி ஏற முடியுதா?" என்று கேட்டார். அம்மா கொடுத்த காபியைக் குடித்தார். அதன்பிறகு டிப்ஸ்டிக்கை உருவி, ஆயிலை ஒரு வெள்ளை டிஷ்யூவில் தொட்டு, அப்பாவின் மூக்கருகே நீட்டி, "கருகின வாசம் வருதா?" என்றார். லேசாகக் கறுத்திருந்தது உண்மை. ஸ்கேனரை மாட்டி, திரையில் பி0700 என்று வந்த ஃபால்ட் கோடை, அதாவது கோளாறு எண்ணை, காட்டினார். "பாத்தீங்களா சார், கியர்பாக்ஸ் கோடு. உள்ள கிளட்ச் தட்டு போயிருச்சு. இப்ப பண்ணலைன்னா கன்வெர்ட்டரையும் சேர்த்து சாப்ட்ரும், அப்புறம் ரெண்டு லட்சம் ஆகும். எங்கப்பாவுக்குச் சொல்ற மாதிரிதான் உங்களுக்குச் சொல்றேன்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே முடிவாகிவிட்டது.

அந்த பி0700-ஐப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொத்த மோசடியும் இதில்தான் நடந்தது. அது எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லும் கோடு அல்ல. 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் ஒரு புகார் இருக்கிறது, அதைப் போய்ப் பார்' என்று என்ஜின் கம்ப்யூட்டர் காட்டும் பொதுவான அறிவிப்பு, அவ்வளவுதான். உண்மையான கோடு அதற்கு அடுத்து இருக்கும். அந்த ஆள் அடுத்த பக்கத்துக்குப் போகவே இல்லை. போயிருந்தால் ₹72,000 கேட்க முடியாதே!

அட்வான்ஸ் ₹40,000, ஒரு தனிநபர் பெயரில் இருந்த யுபிஐ-க்கு. வேலை முடிந்ததும் ₹32,000. ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, "போட்டா 18 பர்சென்ட் கூடும் சார், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?" என்று கையால் எழுதிய ஒரு தாள் கொடுத்தார்கள். ஓவர்ஹால் கிட், கிளட்ச் பிளேட் செட், கன்வெர்ட்டர் ரீகண்டிஷன், ஆயில், லேபர். நடுவில் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது: கழற்றி வைத்த ஆயில் சேம்பர் (கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தங்கும் தட்டு), அதன் காந்தத்தில் கொத்துக் கொத்தாக இரும்புத் துகள். "பாருங்க சார், நல்ல வேளை சீக்கிரம் குடுத்தீங்க" என்று கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ். அப்பா அதைப் பெரியப்பா வரைக்கும் எல்லோருக்கும் அனுப்பி, நல்ல மெக்கானிக் கிடைத்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டி திரும்பி வந்தது, நன்றாக ஓடியது. அடுத்த கனமழையில் சென்னை ஜிஎஸ்டி ரோடு நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவே, அப்பா ஓட்டிக்கொண்டிருக்கும்போது அதே உதை, அதே டி மினுக்கல்.

போன் செய்தேன். "புது தட்டு சார், செட் ஆகணும், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க." இரண்டாவது முறை: "மழைத் தண்ணில விட்டீங்களா? தண்ணில விட்டா வாரண்டி கிடையாது சார்." அப்புறம், "ஓனர் ஊருக்குப் போயிருக்காரு." அதற்கும் அப்புறம் ரிங் போகும், எடுக்க மாட்டார்கள். 'அப்பா, அப்பா' என்று பேசிய அதே ஆள், அப்பாவின் நம்பரை பிளாக் செய்திருக்கிறார். என் நம்பரிலிருந்து போகிற அழைப்பு அப்பா நம்பரிலிருந்து போகவில்லை.

ஆப்பின் கஸ்டமர் கேர் இன்னொரு கதை. "உங்க கன்சர்ன் எங்களுக்குப் புரியுது சார், எஸ்கலேட் பண்ணியிருக்கோம், 48 மணி நேரத்துல கால்பேக் வரும்." வரவில்லை. மறுபடி கூப்பிட்டால் வேறொருவர், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கடைசியாக ஒரு பெண், "நீங்க ஆப் வழியா கட்டினது பிக்கப் சார்ஜ் மட்டும்தான் சார், மத்த பணம் வொர்க்‌ஷாப்புக்கு நேரடியா போயிருக்கு, அதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்றார். வொர்க்‌ஷாப்பைக் கேட்டால் "ஆப்ல கம்ப்ளெயின்ட் போடுங்க". ஆப்பைக் கேட்டால் "வொர்க்‌ஷாப்புல பேசுங்க". எங்கள் ₹72,000 இரண்டு பேருக்கும் நடுவில் மாயமாகிவிட்டது. புகார் டிக்கெட்டை 'தீர்க்கப்பட்டது' என்று அவர்களே மூடியும் விட்டார்கள்.

நேற்று, நண்பன் சொன்ன ஒரு பழைய மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. பேட்டரி வோல்ட்டேஜ் பார்த்தார். ஸ்கேனரில் பி0700-ஐத் தாண்டி உள்ளே போனார். பி0717. கியர்பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று சொல்லும் சென்சாரிலிருந்து சிக்னல் வரவில்லை. அந்த வேகம் தெரியாமல் எப்போது, எவ்வளவு அழுத்தத்தில் கியர் மாற்றுவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால்தான் உதை. ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றி அந்த ஒயரைத் தேடினார். எலி கடித்திருந்தது. ஒரே ஒரு இழையில் தொட்டுக்கொண்டிருந்தது. காய்ந்திருந்தால் வேலை செய்யும், நனைந்தால் போய்விடும். அவ்வளவுதான் நோய்!

வாட்ஸ்அப் போட்டோவைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "தம்பி, இது உன் வண்டி இல்ல. இந்த கியர்பாக்ஸுக்குக் கீழ கழட்டுற சேம்பரே கிடையாது" என்றார். வண்டியைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஆயிலை வடிக்கிற ஒரு போல்ட்தான் இருக்கிறது, காந்தம் அதன் முனையில். பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் அடியில் சேம்பர் உண்டு, இதில் இல்லை. கியர்பாக்ஸையும் என்ஜினையும் சேர்க்கும் போல்ட்களைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் வருஷக்கணக்கான சேறும் துருவும் அப்படியே படிந்திருக்கிறது, ஸ்பானர் பட்ட தடமே இல்லை. ஆயிலை மாற்றி, ஃபால்ட் கோடை அழித்து, வண்டியைக் கழுவிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆயிலும் அளவுக்கு மேலே.

பிரேக்கை முழுக்க மிதித்து, டி-யில் போட்டு, சில நொடி மட்டும் ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பார்த்தார். கிளட்ச் தட்டு தேய்ந்து வழுக்கினால் என்ஜின் சுற்றும் வேகம் (ஆர்பிஎம்) அளவுக்கு மீறி ஏறுமாம். ஏறவில்லை. பழைய தட்டே நன்றாக இருக்கிறது. ஒயரைச் சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டார், வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் ஹோண்டாவின் டிடபிள்யூ-1 கியர்பாக்ஸ் ஆயில் வாங்கி வரச் சொல்லி மாற்றினார். எல்லாம் சேர்த்து நாலாயிரம்கூட ஆகவில்லை. நேற்று இரவு மழையிலேயே ஓட்டி வந்தேன், ஒரு உதை இல்லை.

அப்பா "விடுப்பா, வண்டி சரியாயிருச்சுல்ல" என்கிறார். முடியாது. அது அவர் பென்ஷன் பணம். அவர் காபி கொடுத்து உட்காரவைத்த ஆள் திருடிய பணம்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பி0700-ஐ மட்டும் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அடுத்த ஃபால்ட் கோடைக் கேளுங்கள், திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸை இறக்கும் முன் பேட்டரி, ஒயர், சென்சார், ஆயில் அளவு பார்த்தாயா, கேஜ் மாட்டி ஆயில் பிரஷர் பார்த்தாயா என்று கேளுங்கள். ஹோண்டாவில் ஆயில் அளவு பார்ப்பதென்றால் வண்டி சூடானபின் சமதரையில் அணைத்து 60 முதல் 90 நொடிக்குள் பார்க்க வேண்டும். குளிர்ந்த வண்டியில் பார்த்துச் சொல்வது செல்லாது. பி-யிலிருந்து (பார்க்கிங்) டி-க்குப் போடும்போது மட்டும் குலுங்கினால் என்ஜினைத் தாங்கும் என்ஜின் மவுண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பாகங்களைக் கையில் வாங்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். பில் ஜிஎஸ்டி எண்ணோடு வேண்டும். தனிநபர் யுபிஐ-க்கு ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள்.

ஏமாந்தவர்கள் 1915-க்குக் கூப்பிடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இன்று காலை 1915-ல் பதிவு செய்துவிட்டேன். போல்ட் போட்டோ, ஸ்கேனர் போட்டோ, அந்த வாய்ஸ் மெசேஜ், யுபிஐ ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ₹72,000-ஐயும் திருப்பி வாங்காமல் விடமாட்டேன்.